வடசென்னையிலிருந்து இமயமலைக்கு: முதல் ட்ரெக்கிங் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து இமயமலைக்கு ட்ரெக்கிங் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களுக்குப் பெரும்பாலும் கேதார்கந்தாவையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கும் மலை அது. உச்சி 3,810 மீட்டர், அதாவது 12,500 அடி. டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டியில் போனால் சங்க்ரி கிராமம் வரும், அங்கிருந்து நடை. நாலைந்து நாள் கூடாரத்தில் தங்கி ஏறி இறங்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் நிறையப் பேர் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இவ்வளவு உயரம் எங்களால் ஏற முடியுமா?

முடியும். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்டே ஏறிவிட்டார். தமிழ்நாட்டிலிருந்து அந்த உச்சிக்குப் போன முதல் பெண் அவர்.

ஆனால் இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, நாள் முழுக்க நடக்கிற தெம்பு. அதை இங்கேயே, உங்கள் தெருவிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். இன்னொன்று, உயரத்துக்கு உடம்பு பழகுவது. அதை இங்கே செய்ய வழியே இல்லை, அங்கே போய் மெதுவாக ஏறினால்தான் நடக்கும். பல பேர் முதல் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு, இரண்டாவதும் சேர்ந்தே முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தினமும் ஃபுட்பால் ஆடுகிறேன், பாக்சிங் பழகுகிறேன். எனக்குமா மூச்சு வாங்கும்?

வாங்கும். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு கடற்கரையிலும் மலை உச்சியிலும் ஒன்றுதான், ஏறக்குறைய 21 சதவீதம். குறைவது காற்றழுத்தம். 3,500 மீட்டருக்கு மேலே போனால், ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் இங்கே கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர், அங்கே பாதிக்குக் கொஞ்சம் மேல். நெஞ்சு எவ்வளவு விரிந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் உயர நோயை நல்ல உடற்கட்டு தடுக்காது. என் கண்ணில் அதிகம் படுவதே நேர்மாறான கதைதான். குழுவிலேயே வேகமான பையன்தான் எல்லோருக்கும் முன்னால் ஓடுவான், முகாமுக்கு முதல் ஆளாகப் போய்ச் சேருவான், சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு கூடாரத்துக்குள் படுத்துவிடுவான். தொப்பை வைத்த மாமா பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று வந்து சேர்ந்து, ரெண்டு தட்டு கிச்சடி கேட்பார்.

இங்கே மலையே கிடையாதே, எங்கே பயிற்சி எடுப்பது?

மலை இல்லை, படிக்கட்டு இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் தொடங்கி திருவொற்றியூர், விம்கோ நகர் வரை மெட்ரோ ஸ்டேஷன்கள் இருக்கின்றன. எஸ்கலேட்டரை விட்டுவிட்டுப் படியில் ஏறுங்கள். ஹவுசிங் போர்டு குடியிருப்பிலோ அடுக்குமாடியிலோ வீடு என்றால் ரொம்ப நல்லது, லிஃப்ட் பக்கமே போக வேண்டாம். ராபின்சன் பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா போன்ற இடங்களில் நடக்கலாம், மெதுவாக ஓடலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் மட்டும் ஓட வேண்டாம் என்பேன். கன்டெய்னர் லாரிகளும் தூசியும் சேர்ந்தால் நுரையீரலுக்குப் பயிற்சி இல்லை, தண்டனை. கடலோரம் மணல் இருந்த இடங்களிலும் இப்போது பெரும்பாலும் கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது, அதன் மேல் தாவிக் கணுக்காலை முறித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் மாதம் வாரத்தில் நான்கு நாள் வேகமான நடை, நடுநடுவே கொஞ்சம் ஓட்டம். இரண்டாம் மாதம் படிக்கட்டு சேர வேண்டும். மூன்றாம் மாதம் முதுகில் பையோடு படிக்கட்டு. ஐந்து கிலோமீட்டரை 35 முதல் 40 நிமிடத்துக்குள் ஓடி முடித்த பிறகும் பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிறது என்றால், கேதார்கந்தாவுக்கு உங்கள் கால் தயார் என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று மாதம் இல்லை, ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். மலை எங்கேயும் போகாது.

பையில் எதைப் போடுவது? தண்ணீர் பாட்டில்கள்தான் சரி. இரண்டு லிட்டர் பாட்டில் மூன்று, நான்கு நிரப்பிக்கொண்டு மொட்டை மாடி வரை ஏறுங்கள். மேலே போனதும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் காலிப் பையோடு இறங்குங்கள். பாரம் ஏறும்போது மட்டும் இருக்கும், ஆரம்ப வாரங்களில் முட்டிக்கு அடி விழாது. கடைசி மூன்று வாரம் பாரத்தோடேயே இறங்கிப் பழகலாம். இறங்குவதை யாரும் பயிற்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் மலையில் தொடையை நடுங்க வைப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இரண்டு இடம் சொல்கிறேன். சோளிங்கர் பெரிய மலையில் 1,305 படி. ஒரே காலையில் இரண்டு தடவை ஏறி இறங்கலாம், நரசிம்மரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொன்று திருப்பதி. மாதவரம் பேருந்து நிலையத்தில் விடியற்காலை பஸ் பிடித்தால் அலிபிரிக்குப் போய்விடலாம். அங்கிருந்து 3,550 படி, ஒன்பது கிலோமீட்டர். எல்லோரும் நடந்து ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குவார்கள், நீங்கள் நடந்தே இறங்குங்கள். மறுநாள் வீட்டில் கழிவறைக்குப் போய் உட்கார முடிகிறதா பாருங்கள். முடிந்தால் நல்ல செய்தி. அந்தப் பாதையில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, நேரக் கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். அதை மீறி இருட்டில் ஏற வேண்டாம்.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில்தான் வேலை செய்கிறேன். குளிர் எனக்குப் பழக்கம்தானே?

இதைக் கேட்ட தம்பி விளையாட்டாகக் கேட்கவில்லை, அதனால் நானும் சரியாகவே பதில் சொல்கிறேன். ஐஸ் பாரை இழுத்துத் தள்ளும்போது உடம்பு அசைந்துகொண்டே இருக்கும், வேலை முடிந்து வெளியே வந்தால் 30 டிகிரி வெயில் காத்திருக்கும். மலையில் வெளியே என்று ஒன்று கிடையாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். பனிக்காலத்தில் கேதார்கந்தா மேல்முகாமில் மைனஸ் 10-க்குக் கீழே போகும் இரவுகள் உண்டு. ராத்திரி பூராவும் அதற்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

ஆனாலும் அந்தத் தம்பிக்கு ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தது: ஈரக் கையுறை வெறுங்கையைவிட மோசம். குளிரைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அதுதான்.

அப்படியென்றால் என்னென்ன துணி வேண்டும்?

பனியனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். ஏறும்போது நனைந்த பனியன், நின்றதும் முதுகில் ஐஸாக ஒட்டும். ஃபுட்பால் ஜெர்ஸி மாதிரி சீக்கிரம் காயும் பாலியஸ்டர் துணிதான் உள்ளே. அதன் மேல் ஃப்ளீஸ், அதாவது கம்பளி மாதிரி கதகதப்பான செயற்கைத் துணிச் சட்டை. அதற்கும் மேல் பஞ்சடைத்த ஜாக்கெட், அது முகாமில் உட்காரும்போதும் உச்சிக்குப் போகும் விடியற்காலையிலும்தான். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மெல்லிய கோட்டு. நடக்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும்.

தூங்குவதற்கு என்று ஒரு ஜோடி சாக்ஸும் ஒரு தெர்மல் உடையும் தனியாகப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். பகலில் என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. பஞ்சு ஜாக்கெட், ரக்சேக் என்கிற பெரிய முதுகுப்பை, ஊன்றுகோல் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், சங்க்ரியிலேயேகூட. ஸ்வெட்டருக்கு, இங்கே மழைக்காலத்தில் திபெத்தியர்கள் போடும் கடைகளைப் பாருங்கள். காசைக் காலுக்குச் செலவு பண்ணுங்கள்.

பெரியமேட்டில் நல்ல ஷூ மலிவாகக் கிடைக்குமே?

கிடைக்கும், ஆபீஸுக்கும் பைக்குக்கும் அருமையான ஷூ. மலைக்கு வேண்டியது கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும், அடியில் ஆழமான பற்கள் உள்ள, தண்ணீர் புகாத ட்ரெக்கிங் ஷூ. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள். முன்விரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும்போது நகம் கறுத்துவிடும். வாங்கிய ஷூவோடு ரயில் ஏறாதீர்கள். பயிற்சி முழுவதும் அதிலேயே நடங்கள். குதிகாலில் எந்த இடம் உரசுகிறது என்று தெரிந்துவிடும், அங்கே கொப்புளம் வருவதற்கு முன்பே மருந்துக்கடை பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம்.

உயர நோய் என்றால் என்ன? வந்தால் எப்படித் தெரியும்?

இந்தப் பதிலை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். தலைவலிதான் முதல் அறிகுறி. கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், காரணமில்லாத அசதி. மேலே போய்ச் சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும், அதனால் 'ஏறும்போது நல்லாத்தானே இருந்தேன்' என்பதற்கு அர்த்தமில்லை. லேசாக இருந்தால் அங்கேயே தங்கி, தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். சரியாகாமல் மேலே ஏறக் கூடாது. அதிகமானால் இறங்க வேண்டும்.

ஆபத்தான வகை இரண்டு. ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், முற்றினால் இளஞ்சிவப்பு நுரையோடு சளி வரும். இன்னொன்று மூளை வீக்கம்: பேச்சு குழறும், குழப்பம், தள்ளாட்டம். சந்தேகம் இருந்தால் தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதியும் மறுகாலின் விரலும் ஒட்டுகிற மாதிரி அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள். குடித்தவன் போலத் தடுமாறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் துணையோடு கீழே இறக்குங்கள். இரண்டுக்கும் முதல் மருந்து இறக்கம்தான். ஆக்ஸிஜனும் மருந்துகளும் அதற்குத் துணை.

வராமல் தடுக்க, 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. கேதார்கந்தாவில் ஜூடா கா தாலாப் முகாம் சுமார் 2,800 மீட்டர், அடுத்த ராத்திரி தூங்கும் முகாம் சுமார் 3,400. பார்த்தீர்களா, கொஞ்சம் எட்டிப் பாய்கிறது. அதனால்தான் 1,950 மீட்டரில் இருக்கும் சங்க்ரியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கச் சொல்கிறேன். லீவு இல்லை என்று அந்த ஒரு நாளைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள்.

இன்னொன்று: தலைவலியை வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். பணம் கட்டியாச்சு, இறக்கிவிட்டுடுவாங்களோ என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தி வராவிட்டாலும் 'சர் மே தர்த் ஹை' (தலை வலிக்கிறது) என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா? பச்சைக் கற்பூரம், ஆக்ஸிஜன் கேன் எல்லாம் சொல்கிறார்களே?

டயமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு, உடம்பு சீக்கிரம் பழக உதவும். தடுப்புக்காகக் கொடுக்கும்போது வழக்கமாக 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பிரச்சினை வரலாம், அதனால் டாக்டரிடம் கேட்காமல் வாங்கவே கூடாது. விரல்நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டியதில்லை. மாத்திரை போட்டாகிவிட்டது என்று வேகமாக ஏறுவதுதான் தப்பு. தூக்க மாத்திரையும் சரக்கும் மூச்சை மட்டுப்படுத்தும், மலையில் இரண்டும் வேண்டாம்.

கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு துளி ஏறாது. சில பேர் வாயில் போட்டுக்கொள்கிறார்கள், அது விஷம், வலிப்பு வரும். ஆக்ஸிஜன் கேன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதை நம்பி மேலே உட்கார்ந்திருப்பதைவிட அந்த நேரத்தில் நூறு மீட்டர் இறங்கிவிடலாம்.

சுகர், பிரஷர் இருக்கிறது. வரலாமா?

கட்டுப்பாட்டில் இருந்தால், டாக்டர் சரி என்றால், வரலாம். இன்சுலின் உறையக் கூடாது, உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். குளுக்கோமீட்டரும் குளிரில் தப்பாகக் காட்டலாம், உள்ளங்கையில் சூடேற்றிவிட்டுப் பாருங்கள். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரை ரக்சேக்கில் போடாமல் சட்டைப் பையில் வையுங்கள். பெண்கள் மூன்று மாதம் முன்பே ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. ரத்தசோகையோடு உயரத்துக்குப் போவது இரட்டைச் சுமை, அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். ட்ரெக்கிங் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். தெரிந்த டாக்டரிடம் பார்க்காமலே கையெழுத்து வாங்கினால் யாரை ஏமாற்றுகிறோம் சொல்லுங்கள்.

அப்பா அம்மா முக்திநாத் போகிறார்கள். அவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தும். சாளக்கிராமம் என்று திருமங்கையாழ்வார் பாடிய திவ்யதேசம் என்பதால் கோயில் என்று மட்டும் நினைக்கிறோம், அது இருப்பது நேபாளத்தில், 3,700 மீட்டருக்கு மேலே. அமர்நாத் 3,888 மீட்டர். வண்டியிலோ ஹெலிகாப்டரிலோ போவதால் நடை குறையும், உயரம் குறையாது. வேகமாகப் போய்ச் சேர்வதால் உண்மையில் ஆபத்து கூடும். விமானத்தில் நேரே 3,500 மீட்டரில், லடாக்கின் லே நகரில் போய் இறங்குகிறவர்களுக்கும் இதேதான்: முதல் இரண்டு நாள் எங்கேயும் சுற்றாமல் அறையில் இருங்கள்.

பெண்களுக்கு மாதவிலக்கு, கழிவறை இதெல்லாம் எப்படி?

குழி வெட்டி, மேலே சின்னக் கூடாரம் போட்டிருப்பார்கள். தண்ணீர் கிடையாது, காகிதம்தான். போனதும் மண்ணை அள்ளிப் போட வேண்டும். ராத்திரி எழுந்து போக வேண்டுமே என்று நிறையப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், அது தலைவலியைக் கூட்டிவிடும். தலையில் மாட்டும் டார்ச்சும் கூடவே வரும் ஒரு தோழியும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அலைச்சலில் தேதி முன்னே பின்னே ஆகலாம், அதனால் எப்படியும் நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியதைக் கவரில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும், பனியில் புதைத்தால் மக்காது. கோயிலுக்குப் போகும்போது போடுகிற மாதிரி தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ரத்தம் உறையும் அபாயம் சிலருக்கு உண்டு, டாக்டர் சொல்ல வேண்டும்.

மீன் இல்லாமல் ஐந்து நாளா?

ரொட்டி, பருப்பு, கிச்சடி, சில இடங்களில் முட்டை. மேலே தண்ணீர் 90 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாவிட்டால் அரிசி சரியாக வேகாது. உயரத்தில் பசி தானாகவே மந்தமாகும், அதனால் நாக்குக்குப் பிடித்ததைக் கொண்டுபோங்கள்: பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், கடலை மிட்டாய், பேரீச்சை. கருவாடு வேண்டாம். ஒரே கூடாரத்தில் மூன்று பேர் படுக்க வேண்டும். தண்ணீர் நாளைக்கு மூன்று நான்கு லிட்டர், அதில் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கலந்து.

பனிதானே, வெயிலுக்கு எதற்குக் கண்ணாடி?

புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் ராத்திரி கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி எரியும், திறக்கவே முடியாது. யூவி400 என்று போட்ட, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி வாங்குங்கள். பாரிமுனை பிளாட்பாரக் கறுப்புக் கண்ணாடி ஆகாது.

வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். 2018 குரங்கணியைச் சொல்லி அழுகிறார் அம்மா.

அழுவதில் நியாயம் இருக்கிறது. அந்த மார்ச் மாதம் தேனி மாவட்டக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வாதாடாதீர்கள். யார் நடத்துகிறார்கள், வனத்துறை அனுமதி இருக்கிறதா, வழிகாட்டிக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா, அவசரத்துக்கு எந்த வழியாக இறக்குவார்கள் என்று நீங்களே கேட்டு, எழுதிக்கொண்டுபோய் அம்மா முன்னால் வையுங்கள். இந்தக் கேள்விகளுக்கு மழுப்புகிற ஆளோடு நானும் போக மாட்டேன். முதலில் உள்ளூரில் ஒன்று போய்க் காட்டுவதும் உதவும். 2024-இல் தமிழ்நாடு வனத்துறை ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகிற மாதிரி 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. அதில் ஒன்றை வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டே போய் வாருங்கள்.

ரயிலா, விமானமா?

நேரம் இருந்தால் ரயில். சென்ட்ரலில் ராத்திரி பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை டெல்லி, அங்கிருந்து டேராடூன். பனிக்காலத்தில் வட இந்திய மூடுபனியால் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் டெல்லிக்கும் டேராடூனுக்கும் நடுவே அரை நாளாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.

மேலே போன் எடுக்குமா?

சங்க்ரியைத் தாண்டினால் நம்ப முடியாது. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் செத்துவிடும், ராத்திரி போனையும் பவர் பேங்க்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். கிளம்புவதற்கு முன்பே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை போன் வராது என்று வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். நடத்துகிறவர்களின் அலுவலக எண்ணையும் அதன் கீழேயே எழுதுங்கள். திரும்பும் தேதிக்கு ஒரு நாள் கூட்டியே சொல்லுங்கள், மலையில் பனி கொட்டினால் ஒரு நாள் தங்க வேண்டி வரும்.